வெளிச்சத்துல திறக்குற நானோசேனல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பிளாஸ்டிக் பிலிம்ல நானோமீட்டர் அளவுல ஓட்டை (அதான் நானோசேனல்) போட்டு, வெளிச்சத்துக்கு மடங்குற அசோபென்சீன்ங்கற மூலக்கூற உள்ள ஒட்டி, அயனி கரண்ட அளக்குறதுதான் என் பொழப்பு.

கே: அண்ணா, ஓட்டை எப்படி போடுறாங்க, லேசரா?
ப: இல்லப்பா. 12 மைக்ரான் பெட் (PET, தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்) பிலிம் மேல துகள் முடுக்கியில இருந்து கனமான அயனி ஒண்ண சுட்டா அது போன தடம் மட்டும் நொந்து கிடக்கும், பிலிம ரெண்டு தொட்டிக்கு நடுவுல மாட்டி ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் பார்மிக் ஆசிட் ஊத்துவோம், சோடா தடத்த அரிச்சுக்கிட்டே வரும், இந்தப் பக்கம் எட்டினதும் ஆசிட் அத அடக்கிடும். அதான் கூம்பு ஓட்டை, முனை சில நானோமீட்டர். அரிக்கும்போதே 1 வோல்ட் குடுத்து பாத்துட்டு இருப்போம், ரொம்ப நேரம் சைபர்ல கிடந்த கரண்ட் சட்டுனு ஏறும் பாரு, அதுக்காகவே இந்த வேலையில இருக்கேன்.

கே: போன் சார்ஜ் பண்ணலாமா?
ப: முடியாது. ஒரு ஓட்டையில ஓடுறது நானோஆம்பியர் கணக்கு.

கே: அசோபென்சீன் மடங்கி வழி விடுதா?
ப: 365 நானோமீட்டர் யூவில மடங்கும், நீல வெளிச்சத்துல நிமிரும், சரிதான். ஆனா மடங்கினா குறையுறது 9ல இருந்து 5.5 ஆங்ஸ்ட்ராம் (10 ஆங்ஸ்ட்ராம் சேந்தாதான் 1 நானோமீட்டர்), 10 நானோமீட்டர் ஓட்டைக்கு அது எந்த மூலைக்கு? மடங்கினதும் மூலக்கூறுக்கு முனைவு (பிளஸ் ஒரு பக்கம், மைனஸ் ஒரு பக்கம்னு பிரியுறது) கூடுது, தண்ணிய விரட்டிட்டிருந்த சுவர் நனைய ஆரம்பிக்குது, நிறைய இடத்துல விஷயமே அதான்.

கே: யூவி போட்டதும் கரண்ட் குதிக்குது சார், ஜெயிச்சிட்டோமா?
ப: எலக்ட்ரோட மூடினீங்களா? அதுமேல இருக்குறது சில்வர் குளோரைடு, போட்டோ பேப்பர்ல பூசின சரக்கு, வெளிச்சம் பட்டா சும்மா இருக்காது. கறுப்பு டேப் சுத்துங்க. சூட்டையும் பாருங்க, 1 டிகிரிக்கு உப்புத்தண்ணியோட கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும்.

கே: வெளிச்சத்துல அயனி ஓடுதுன்னா அது பம்ப் தானே? எங்க பேப்பர்ல அப்படித்தான் எழுதுறோம்.
ப: மதக திறந்தா தண்ணி பள்ளத்துக்கு ஓடும், அதுக்காக மதகு மோட்டார் ஆயிடுமா? 1971ல தெரியவந்த பாக்டீரியோரோடாப்சின்ங்கற புரதம் வெளிச்சத்த வாங்கி புரோட்டான மேட்டுக்கு தள்ளுது, அது பம்ப். சேனல்ரோடாப்சின்னு இன்னொரு புரதம், அது வெளிச்சத்துல திறக்குற வெறும் மதகு.

கே: அப்ப 2019ல கார்பன் நைட்ரைடு குழாய்ல செறிவுக்கு எதிரா தள்ளிக் காட்டினாங்களே, அது?
ப: அது நியாயம், ஒத்துக்கறேன். அங்க வெளிச்சம் சுவர்லயே மின்சுமைய பிரிச்சு வச்சு அயனிய இழுக்குது. உங்களுது வோல்ட் குடுக்காம ஓடுச்சா?

கே: 0.5 வோல்ட் குடுத்தோம்.
ப: அப்ப மதகு. தலைப்ப மாத்துங்க.

கே: சார், எனக்கும் யூவில கரண்ட் குதிக்குது...
ப: டேப்.

கே: பொட்டாசியம் சேனல் மாதிரி சோடியத்த நிறுத்துமா?
ப: அங்கதான் அடி வாங்குறோம். நம்ம உடம்பு செல்லுல இருக்குற பொட்டாசியம் சேனல் வினாடிக்கு சுமார் 10 கோடி பொட்டாசியம் விட்டும் அதவிட சின்ன சோடியத்த வாசல்லயே நிறுத்துது, நம்ம ஓட்டை அதுக்கு முன்னாடி ஹைவே.

கே: டேப் சுத்தினேன் சார், குதிப்பே போயிடுச்சு.
ப: நல்லது. இப்ப அசோபென்சீன் ஒட்டியிருக்கான்னு பாருங்க.