ஜீப்பில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: மழையில் நனைகிறோம், வெயிலில் வேகிறோம். ஆனாலும் பழைய ஜீப்பை விற்க மாட்டேன் என்கிறார் என் கணவர். அதில் என்னதான் இருக்கிறது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: என்னிடமும் ஒன்று இருந்தது. அதனால் உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான் நான்! 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி, பான்டம் என்ற சின்ன கம்பெனி 49 நாளில் முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பெரிய ஆர்டரெல்லாம் போனதென்னவோ வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும். பாவம் பான்டம்! 1940-களின் கடைசியில் மஹிந்திரா மூலம் வில்லீஸ் ஜீப் இங்கே வந்தது.

முன்கண்ணாடியை மடக்கி பானெட் மேல் சாய்த்துவிட்டு, விடிகாலையில் ஈ.சி.ஆரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் மற்ற வண்டிகள் திணறும்போது, கியர் பக்கத்துக் குட்டி லீவரைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்த 'கடக்' சத்தத்துக்கே மனுஷன் அடிமை!

நனைவதற்கு மருந்து, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் ஒரு கேன்வாஸ் கூரை. செலவு அவருடையது.