நம் நாட்டு வரலாற்றையும் உலக வரலாற்றையும் சேர்த்து, பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

இரண்டு பக்கமும் வருஷங்களை எழுதி ஒப்பிடச் சொன்னால் கொட்டாவிதான் வரும். சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் என்றால், பாரிமுனையைத் தாண்டி இருக்கிற புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். ஏன்? ஆஸ்திரிய அரியணைக்கு யார் வாரிசு என்று ஐரோப்பாவில் நடந்த சண்டையில் இங்கிலாந்தும் பிரான்சும் எதிரெதிர் அணி, அந்தப் பகை கடல் தாண்டி இங்கேயும் வந்தது. 1748 உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் சும்மா இல்லை, இன்றைய கனடாவில் அவர்கள் பிடித்து வைத்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்துத்தான். உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊரையும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஊர் மக்களை யாராவது கேட்டார்களா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

அப்புறம் பெரம்பூர் துணி மில். முதல் உலகப் போரால் விலைவாசி ஏறிக் கிடந்த 1918 ஏப்ரலில் அந்த மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. ரஷ்யப் புரட்சி முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்காக ரஷ்யாவைப் பார்த்துத்தான் சங்கம் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சங்கத் தலைவர் வாடியா, பிரம்மஞான சபை என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்தவர். போர் வராமல் இருந்தால் சங்கம் வந்திருக்குமா என்று பிள்ளைகளையே வாதாட விடுங்கள், பரீட்சையில் வராவிட்டாலும் பரவாயில்லை.