பெருபாரியும் கச்சத்தீவும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பெருபாரி வழக்கு பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் 1974-ல் கச்சத்தீவு எப்படிப் போனது? நான் மதுரையில் சட்டம் படிக்கிறேன். அப்பா விசைப்படகுக்குப் போகிறவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது இதை அவரிடம் ஆசையாகச் சொன்னேன். "தீர்ப்பு இருக்குங்கிற, சரி. தீவு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்னிடம் பதில் இல்லை.

வாசகர், தங்கச்சிமடம் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அந்தக் குறிப்பை அவசரத்தில் எழுதினேன். அதில் பாதிக் கதைதான் இருந்தது. மீதியையும் சொல்லியிருந்தால் அப்பாவிடம் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒரு திருத்தம். பெருபாரியில் வந்தது தீர்ப்பு அல்ல. அரசியல் சட்டத்தின் 143-ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன கருத்துரை. 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் பேசி, மேற்கு வங்கத்தின் பெருபாரியை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு மத்திய அரசு நீதிமன்றத்தில் வைத்த வாதத்தைக் கவனியுங்கள்: "நாங்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை. எல்லை எது என்று தெளிவுபடுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்." நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1947 பிரிவினையில் ராட்கிளிஃப் போட்ட எல்லைக்கு என்ன பொருள் என்று யாரும் ஆராயவில்லை, சமரசத்துக்காகச் சரிபாதி வெட்டியிருக்கிறீர்கள், ஆகவே இது கொடுப்பதுதான், அதற்கு 368-ஆம் பிரிவின்கீழ் திருத்தம் வேண்டும் என்றது. அதே வருடம் ஒன்பதாவது திருத்தம் வந்தது.

இந்த இடத்தோடு நான் நிறுத்திவிட்டேன். ஆனால் 1969-ல் இன்னொரு வழக்கு வந்தது. கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே உள்ள ரண் என்ற உப்புச் சதுப்புப் பகுதிக்கு இந்தியாவும் பாகிஸ்தானும் உரிமை கொண்டாடின. சர்வதேச நடுவர் மன்றம் இரண்டு பக்கச் சான்றுகளையும் பார்த்து, பாகிஸ்தான் கேட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அதற்குத் தந்தது. அதற்கும் திருத்தம் வேண்டும் என்று மகன்பாய் படேல் என்பவரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா வேண்டாம் என்றார். தகராறில் இருக்கும் எல்லையைத் தீர்த்துக்கொள்வது நிலத்தைக் கொடுப்பது ஆகாது, அரசு தன் நிர்வாக அதிகாரத்தாலேயே அதைச் செய்யலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

அதாவது 1960-ல் தோற்ற வாதம் 1969-ல் ஜெயித்துவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் ஐந்து வருடம் கழித்து நம் தீவு போனது. 2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோது அவர் பெருபாரியைப் பிடித்துக்கொண்டார். மத்திய அரசு சொன்ன பதில்: அந்தப் பகுதி தகராறில் இருந்தது, எல்லையே வகுக்கப்படவில்லை, எனவே இந்திய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை. எல்லாம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. "கொடுத்தோம்" என்றால் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்ற வேண்டும். "கோடு போட்டோம்" என்றால் பிரதமரின் கையெழுத்து போதும்.

தகராறு இருந்ததா என்றால் இருந்தது. 1921-லேயே சென்னை மாகாணமும் இலங்கையும் மீன்பிடி எல்லை பேசியபோது இந்தத் தீவு இடறியது. ஆனால் தகராறு இருந்தது என்று சொல்லிவிட்டால் போதுமா? கட்ச் விஷயத்தில் ஒரு மன்றம் உட்கார்ந்து சான்றுகளைப் பார்த்தது. 285 ஏக்கர் கச்சத்தீவுக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் அதைத் தன் சொத்தாக வைத்துக் குத்தகைக்கு விட்டிருந்தது. அந்தத் தாள்களை எந்த நடுவரும் புரட்டவில்லை. இரண்டு பிரதமர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள், பெருபாரியில் நடந்த மாதிரியே. என் கணக்கில் இது கட்ச்சைவிடப் பெருபாரிக்குத்தான் பக்கம். வழக்கறிஞர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். அதே 1974-ல், ஒரு மாதம் முன்னால், மே மாதத்தில், முன்பு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தோடு ஓர் எல்லை ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை கைமாறாமலே கிடந்த பெருபாரியும் அதில் இருந்தது. அதை இந்தியாவே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த ஒப்பந்தத்தை முழுதாக நிறைவேற்ற 41 வருடம் காத்திருந்து, 2015-ல் நூறாவது திருத்தம் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம் போட்ட கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கோ நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வாசித்ததோடு சரி.

மீன்பிடி உரிமை போனது இன்னும் சத்தமில்லாமல். 1976 மார்ச்சில் இரண்டு நாட்டு அதிகாரிகள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள், இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்காது என்று. நெருக்கடி நிலை காலம். ஜனவரி 31-ஆம் தேதியே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். கேட்க இங்கே சட்டமன்றமும் இல்லை.

சரி, நாளைக்கே பெருபாரிதான் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தால்? நம் நீதிமன்றம் நம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், கொழும்பை அல்ல. 2014-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, தீவு திரும்ப வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பேச்சு முரட்டுத்தனமானது, ஆனால் அதில் ஒரு உண்மை இருக்கிறது. அப்புறம், இதைச் சொன்னால் நம் பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். விசைப்படகுகள் போவது கச்சத்தீவையும் தாண்டி, இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம். கடலடியோடு இழுத்துப் போகும் இழுவைமடியில் தங்கள் வலை அறுபடுகிறது என்று அங்கே கத்துபவர்களும் தமிழ் மீனவர்கள்தான். தீவு கிடைத்தால் அந்தப் பிரச்சினை தீராது. அப்பாவுக்கு இது தெரியும், கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் வழக்கம்போலத் தீவுக்குப் போய் வரலாம், இலங்கை அதற்குப் பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு அவர் போயிருந்தால், படகு ஏறுவதற்கு முன்னாலும் அங்கே இறங்கியதும் என்னென்ன தாள் காட்டச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். ஐந்தாவது பிரிவைப் பற்றித் தனியாக எழுத உத்தேசம், அதற்கு அது வேண்டும்.