ஃப்ளோ ரிப்போர்ட் (ரத்தத்தின் நோயெதிர்ப்பு அணுக்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை): வாசகர் கேள்விகள்

பத்து மாத ஆண் குழந்தை. இரண்டு முறை நிமோனியா. சிடி19 (பி அணுவின் அடையாளம்) 0.3%. டான்சிலே தெரியவில்லையாம்.

பி அணு (ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணு) வளரத் தேவையான பிடிகே மரபணுவைச் சோதியுங்கள். அது பழுதானால் பி அணு எலும்பு மஜ்ஜையிலேயே நின்றுவிடும். ரத்தத்தில் 2% கூடத் தேறாது. டான்சிலின் பருமனே பி அணுக்களால்தான். ஆறு மாதம்வரை தாயிடமிருந்து வந்த ஐஜிஜி ஆன்டிபாடி காப்பாற்றியிருக்கும். இம்யூனோகுளோபுலின் ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் தெரிவது தானம் தந்தவர்களின் ஆன்டிபாடிதான்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

மேலே சொன்ன பிடிகே வகை அப்படி வருவதில்லை. இது தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது. சிறுவயதில் இறந்த தாய்மாமன் உண்டா என்று விசாரியுங்கள். தாய்க்கு பி அணு சரியாகவே இருக்கும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ராக் என்ற இன்னொரு மரபணுவில் கோளாறு என்றால், பழுது இரு பெற்றோரிடமிருந்தும் வர வேண்டும்; அதில் சொந்தத்துக்குப் பங்கு உண்டு.

மூன்று மாத மகனுக்கு பி அணு 93%, டி 4%, என்கே 1%. பி அணுவைக் குறைக்க மருந்து உண்டா?

மொத்த எண்ணிக்கை இல்லாமல் சதவீதத்தை மட்டும் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! பி, டி, என்கே மூன்றும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவின் வகைகள்; சேர்ந்தால் ஏறக்குறைய நூறு. ஒன்று காணாமல் போனால் மற்றது வீங்கித் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் லிம்போசைட் 1,000 என்று வைத்தால் பி 930. இந்த வயதுக்கு அது சரியான அளவு. டி வெறும் 40. இருக்க வேண்டியதோ சுமார் 2,500க்கு மேல். பல லேப்கள் பெரியவர்களின் அளவை அச்சடித்து, கைக்குழந்தையின் 1,500க்கும் ‘குறைவு’ என்ற அம்புக்குறி போடாமல் விடுகின்றன. இந்த வயதில் லிம்போசைட் 3,000க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும்.

டி, என்கே இரண்டும் இல்லாமல் பி மட்டும் இருந்தால், அது எஸ்சிஐடி என்ற கடும் நோயெதிர்ப்புக் குறைபாடாக இருக்கலாம்; ஆண் குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது ஐஎல்2ஆர்ஜி மரபணு. தாமதம் வேண்டாம், எலும்பு மஜ்ஜை மாற்று மையத்துக்குப் போங்கள். உயிருள்ள கிருமி கொண்ட போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு கூடாது. பிசிஜியும் அப்படித்தான்; பிறந்தபோதே போட்டிருந்தால் அக்குளில் கட்டி வருகிறதா என்று பாருங்கள். ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு செய்தது மட்டுமே.

இன்னொன்று: கருவிலேயே தாயின் டி அணு புகுந்து எண்ணிக்கையைச் சரியாகக் காட்டுவதும் உண்டு. சிடி45ஆர்ஏ (குழந்தையே உண்டாக்கிய புது டி அணுவின் அடையாளம்) சேர்த்துக் கேளுங்கள்.

எல்லா அணுவும் நார்மல். ஆனால் கல்லீரலில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி.

எண்ணிக்கை சரி, வேலை சரியில்லை. கிருமியை விழுங்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில், அதைக் கொல்லும் வேதிப்பொருளை உண்டாக்குகிறதா என்று காட்டும் டிஹெச்ஆர் டெஸ்ட் எடுங்கள். ரத்தம் உறையாத ஹெப்பாரின் குழாய், ஃபிரிட்ஜில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் லேபுக்கு. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே பெட்டியில் போக வேண்டும். இல்லையென்றால் வழியில் அணு செத்ததா, நோயா என்று பிரிக்க முடியாது.

ஐஜிஜி குறைவு, பி அணு சரி. என்ன நோய்?

வயது எழுதவில்லையே! நான்கைத் தாண்டியிருந்தால் சிவிஐடியை (ஆன்டிபாடி போதாமல் போகும் நோய்) யோசிக்கலாம். ஸ்விட்ச்டு மெமரி பி அணுவை (கிருமியை நினைவில் வைத்து, ஐஜிஜி போன்ற ஆன்டிபாடிக்கு மாறிய வகை) பாருங்கள்.

ஐந்து வாரமாகியும் தொப்புள்கொடி விழவில்லை. வெள்ளையணு 45,000, புண்ணில் சீழே இல்லை.

சிடி18 (வெள்ளையணு ரத்தக்குழாயை விட்டுப் புண்ணுக்குப் போக உதவும் புரதம்) சோதியுங்கள். இன்றே.