மீனம்பாக்கத்திலேயே இன்னொரு ஓடுபாதை போடாமல், சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் கட்ட எதற்குக் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் வரை போகிறார்கள்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் வேளச்சேரி, தாம்பரம் பக்கம் குடியிருப்பவர் போலத் தெரிகிறது. எழுபது கிலோமீட்டர் தாண்டிப் போய் விமானம் ஏறுவதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் "அங்கேயே போட்டால் என்ன" என்கிறீர்களே, அந்த 'அங்கே' எங்கள் ஊர். கொளப்பாக்கம்.

மீனம்பாக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஓடுபாதைகள் உண்டு. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் ஒன்றில் விமானம் இறங்கினால் மற்றதில் காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டிலும் சாதாரணமாக இறக்க இணையான ஓடுபாதை வேண்டும். நடுவில் குறைந்தது 1,035 மீட்டர் விட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும். மறுபக்கம் அடையாறு. ஆற்றைத் தாண்டினால் மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம், தரப்பாக்கம், எல்லாம் வீடுகள்.

2007 வாக்கில் அந்த ஊர்களில்தான் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து இணை ஓடுபாதை போடப் போகிறோம் என்றார்கள். அப்பா ஓய்வு பெற்றிருந்த நேரம். இரண்டு கிரவுண்டில் ஒன்றை விற்று அக்கா கல்யாணத்தை முடிப்பதாக ஏற்பாடு. அறிவிப்பு வந்த வாரமே முன்பணம் கொடுத்தவர் வந்து திருப்பிக் கேட்டார். வங்கிக்குப் போனோம், அந்த சர்வே எண்ணுக்குக் கடன் கிடையாது என்றார்கள். சொந்த மாமா, அக்காவைத் தூக்கி வளர்த்தவர், பாதி விலைக்குத் தருகிறாயா என்று அப்பாவிடம் கேட்டார். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லைதான். இருந்தாலும் எழுதுகிறேன். கஷ்டத்தில் இருக்கும் வீட்டில் காபி குடித்துக்கொண்டே அடிமாட்டு விலை பேசுகிற உறவுக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

அப்புறம் இணை ஓடுபாதைத் திட்டமே கைவிடப்பட்டது. பதிலாக, இருந்த சின்ன ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே ஆறு உள்ளே வந்து, விமான நிலையத்தை நாள் கணக்கில் மூட வேண்டியதாயிற்று.

நான் விமானியும் இல்லை, எந்தக் கட்சிக்காரனும் இல்லை. "உன் நிலம் தப்பியது, அதனால் பரந்தூரை ஆதரிக்கிறாய்" என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆதரிக்கவில்லை. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடம் பார்த்ததும், பன்னூரில் வீடுகள் அதிகம் போகும் என்று அரசு சொன்னதும் தெரியும். ஆனால் பரந்தூரிலும் ஏரிகள் இருக்கின்றன, கம்பன் கால்வாய் போகிறது. அடையாற்றில் பட்ட பிறகும் நீர் வழியில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நகரத்துக்கு இன்னொரு விமான நிலையம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி காலத்தைப் பற்றியது. எங்கள் ஊரில் ஆரம்பித்த பேச்சு, பரந்தூர் என்று 2022-இல் அறிவிப்பதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மத்திய அரசின் கொள்கை ஒப்புதல் 2025-இல்தான் வந்தது. பரந்தூர் திட்டத்துக்கு நிலம் போகும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் 2022-இலிருந்து போராடுகிறார்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலைக்கூடப் புறக்கணித்தார்கள். அந்த ஊரிலும் நிலத்தை நம்பிப் பெண்ணுக்கு வரன் பார்த்த ஒரு அப்பா இருந்திருப்பார்.

எடுப்பதென்றால் எந்த சர்வே எண், என்ன விலை, எந்தத் தேதி என்று சொல்லி எடுக்கட்டும். வேண்டாமென்றால் வேண்டாம் என்று அந்தந்த வீட்டுக்கு எழுத்தில் கொடுக்கட்டும். எங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை. திட்டம் கைவிடப்பட்டதை அப்பா டீக்கடைப் பேப்பரில்தான் படித்தார்.