விடுமுறையில் மகள் 'எல்எஸ்' எழுதுகிறாள்: கவலைப்படும் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், விடுமுறை முழுவதும் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து, எல்லா லினக்ஸ் இயங்குதளங்களிலும் ஏற்கெனவே இருக்கும் 'எல்எஸ்' போன்ற குட்டிக் கட்டளைகளையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வருந்தியிருக்கிறீர்கள். தோழிகள் எல்லாம் ஏஐ வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், இவளையும் பணம் கட்டிச் சேர்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம். அவள் செய்வது வீண்வேலை அல்ல. ஆனால், அதை எப்படிச் செய்கிறாள் என்பதை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அவள் வைத்திருப்பது எக்ஸ்வி6. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதைப் பின்பற்றி, மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2006இல் எழுதிய சிறிய இயங்குதளம் இது. இதில் இணைய உலாவி கிடையாது, மவுஸ் கிடையாது. இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் வேலை வாங்க 21 சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கர்னலிடம் விடுக்கும் கோரிக்கைகள்), அவற்றை வைத்து எழுதிய சில கட்டளைகள், அவ்வளவுதான். மூலநிரல் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாணவி மூலை முடுக்கு விடாமல் படித்து முடித்துவிடக்கூடிய அளவு என்பதே இதன் பெருமை. லினக்ஸை அப்படிப் படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது.

'கேட்' என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைத் திறந்து, 512 பைட்டாக வாசித்து, வாசித்ததை அப்படியே வெளியே எழுதுகிறது. எழுதும் இடம் திரையா, இன்னொரு கோப்பா, பைப்பின் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் குழாயின்) மறுமுனையில் காத்திருக்கும் வேறொரு நிரலா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரல். எக்ஸ்வி6இல் கோப்பை நகலெடுக்கத் தனிக் கட்டளையே இல்லை. 'கேட்' வெளியிடுவதை இன்னொரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் நகல் தயார். பெயர் மாற்றவும் கட்டளை இல்லை. 'எல்என்' கொண்டு புதுப் பெயர் ஒன்றைச் சேர்த்துவிட்டு, 'ஆர்எம்' கொண்டு பழைய பெயரை நீக்க வேண்டும். இல்லாதவற்றை இருப்பவற்றால் சமாளித்துப் பழகும்போதுதான் யூனிக்ஸ் மனத்தில் ஏறுகிறது.

ஓர் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' இன்னும் சுவையானது. அடைவு என்பதும் ஒரு கோப்புதான். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட்: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்று எழுத 15 பைட் வேண்டும். ஆக, உங்களை அவள் அழைக்கும் சொல்லையே அங்கே ஒரு கோப்புக்கு முழுதாகப் பெயராக வைக்க முடியாது! இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் படிக்கிறாள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அடைவு மாற்றும் 'சிடி' மட்டும் ஏன் தனி நிரலாக இல்லாமல் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது? மற்ற கட்டளைகளுக்கு ஷெல் ஒரு பிள்ளைச் செயல்முறையை (தனியாக ஓடும் இன்னொரு நிரலை) உருவாக்கி வேலையை அதனிடம் விடுகிறது. பிள்ளை வேறு ஊருக்குக் குடிபோனால் தாயின் முகவரி மாறிவிடுமா? 'சிடி'யும் பிள்ளையாக ஓடினால், இடம் மாறிய கையோடு அது முடிந்துபோகும், ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த விளக்கத்தை அவள் உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் நேர்முகத் தேர்விலும் சொல்லிவிடுவாள். திணறினால், விடையை எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறாள் என்று பொருள். எம்ஐடி பயிற்சியில் வரும், கோப்பைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளை போன்றவற்றுக்கு இணையத்தில் விடைகள் குவிந்து கிடக்கின்றன, ஏஐயிடம் கேட்டால் நொடியில் எழுதிக் கொடுத்துவிடும். 'ஃபைண்ட்' எழுதும்போது '.' (அதே அடைவு), '..' (அதற்கு மேல் அடைவு) ஆகிய இரண்டு பெயர்களையும் தாண்டிப் போக மறந்து, நிரல் அதே அடைவுக்குள் மீண்டும் மீண்டும் நுழைவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த ஒரு மாலை நேரத்தை எந்த ஏஐயும் தராது.

இனி வேலைக்கு வருவோம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய ஐடி நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வில் எக்ஸ்வி6 பற்றி ஒரு கேள்வியும் வராது. அங்கே ஆப்டிட்யூட், ஆங்கிலம், எளிய நிரலாக்கம்தான். அதனால் தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பாள், பரவாயில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இந்த விடுமுறை உழைப்பு நேரடியாகவே உதவும். இயங்குதளம் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, பிள்ளைச் செயல்முறையை உருவாக்கும் 'ஃபோர்க்' என்ற சிஸ்டம் கால் எத்தனை செயல்முறைகளை உருவாக்கும் என்ற வகைக் கேள்விகள் அங்கே பழகிப்போனவை.

உண்மையான பலன் கிடைக்கும் இடங்கள் எம்படெட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்), நெட்வொர்க் கருவிகள், சேமிப்பக மென்பொருள், சர்வர் பராமரிப்பு. வீட்டு வைஃபை ரூட்டர் பலவற்றுக்குள் பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரல்தான் 'எல்எஸ்', 'கேட்', 'கிரெப்' என்று பல வேடங்களில் ஓடுகிறது. அந்தத் துறையில் வேலைவாய்ப்புகள் குறைவு, போட்டியும் குறைவு. ரெஸ்யூமில் 'லினக்ஸ் தெரியும்' என்று எழுதவே வேண்டாம், அதை எல்லாரும் எழுதுகிறார்கள். 'எக்ஸ்வி6இல் ஃபைண்ட் கட்டளையை எழுதினேன், ஷெல்லில் இந்த வசதியைச் சேர்த்தேன்' என்று எழுதி, நிரலையும் காட்டட்டும். கோப்பு இல்லாதபோது நிரல் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏஐ வகுப்பை மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் கணிதத்தில், குறிப்பாக நிகழ்தகவில், அவள் மதிப்பெண் எப்படி என்று பாருங்கள்.

புது லேப்டாப் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்வி6 ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு 128 எம்பி நினைவகம் போதும். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுக்கொள்ளட்டும். அதை அவளே நிறுவட்டும், கடையில் கொடுக்காதீர்கள். அதற்கு முன் உங்கள் குடும்பப் படங்களை மட்டும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள்.