பால் அட்டை போல ஓர் ஆப்

அன்புள்ள ஐயா,

நான் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து கோவையிலுள்ள கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் மூன்றாமாண்டு பிசிஏ மாணவி. நேரம் போதாமல் திண்டாடும் மாணவர்களுக்காக ஓர் ஆப் உருவாக்குவதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலையை அதுவே ஒதுக்கித் தரும். முடித்தால் புள்ளிகள் கிடைக்கும். விடாமல் முடித்த நாட்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போகும். முடிக்காவிட்டால் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். எனக்கே இது தேவைப்படுகிறது. வீட்டில் நான்கு மாடுகள். இரு வேளையும் அம்மாவுடன் நான்தான் கறக்கிறேன். பாடத்துக்கு 2 மணி நேரம், புராஜெக்டுக்கு 2, வங்கித் தேர்வுக்கு 1, வாசிப்புக்கு அரை என்று தினமும் திட்டம் போடுகிறேன். ஒரு நாளும் நடப்பதில்லை. எழுத வருவதற்கு முன் நீங்கள் மென்பொருள் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இதில் வேறென்ன சேர்க்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் நாளைக் கூட்டிப் பார்த்தேன். உறக்கத்துக்கு 7 மணி நேரம், கல்லூரிக்கு 6, வேலந்தாவளம் வழியாகப் போய்வர 3, மாட்டு வேலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும் சேர்த்து இரண்டரை, குளியல் சாப்பாடு முதலியவற்றுக்கு 2 என்று வைத்தால் இருபதரை மணி நேரம் போய்விடுகிறது, மிஞ்சுவது மூன்றரை. நீங்கள் போடும் திட்டமோ ஐந்தரை மணி நேரத்துக்கானது. உங்கள் ஆப் இதைக் கட்டம் கட்டமாக அடுக்கி, நாள் முழுக்க மணியடித்து, இரவு பதினொரு மணிக்கு உங்களைக் குற்றவாளியாக்கிப் படுக்க அனுப்பும். ‘இரண்டு மணி நேரம் அதிகமாக இருக்கிறது, இன்று எதை விடுகிறீர்கள்?’ என்று காலையிலேயே கேட்பதுதான் அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த மூன்றரை மணி நேரமும் நாம் நினைத்தபடி நடக்காது என்பது வேறு விஷயம். ஒரு வேலைக்கு ஆகும் காலத்தை நாம் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதை 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டு விளக்கினார்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்று பதில் வந்தது. உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆனது. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேட்டபோதும் அவர்கள் சொன்னது 49 நாட்களுக்குள்தான். ஆகவே மாணவர் சொல்லும் மதிப்பீட்டை அப்படியே நம்பி அட்டவணை போடும் ஆப், தொடக்கத்திலேயே தவறான எண்ணின் மேல் நிற்கிறது.

இதற்கு மாதிரி தேடி நீங்கள் தொலைவில் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பால் அட்டையை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது சமையலறைச் சன்னல் கம்பியில் செருகப்பட்டு, ஓரங்கள் நைந்து, மஞ்சள் கைரேகைகளோடு இருக்கும். தேதி, காலை, மாலை, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு. ஒரு வேளைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். சொசைட்டியில் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவதற்குள் எழுதி முடித்துவிடக்கூடிய அளவுக்குத்தான் அதில் கேள்விகள் உண்டு. நேற்று ஆறு லிட்டர், இன்று ஐந்தரை என்றால் அட்டை அதற்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் இரண்டு மாத வரிகளை மேலிருந்து கீழாகப் பார்த்தே எந்த மாடு வற்றப் போகிறது என்று என் அம்மா சொல்லிவிடுவார்.

உங்கள் ஆப்பின் முதல் திரை அப்படி இருக்கட்டும். வேலையின் பெயர், நினைத்த நேரம், ஆன நேரம் என்று மூன்றே கட்டங்கள் போதும். ரெக்கார்டு நோட்டு எழுத ஒரு மணி நேரம் என்று நீங்கள் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால், இரண்டு வாரத்துக்குப் பிறகு ஆப் தானாகவே ஒன்றே முக்கால் என்று நிரப்ப வேண்டும். அதற்குச் செயற்கை நுண்ணறிவெல்லாம் வேண்டாம். சராசரி எடுக்கத் தெரிந்தால் போதும்.

புள்ளிகளையும் தொடர் நாள் எண்ணிக்கையையும் எடுத்துவிடுங்கள். மாடு கன்று போடும் இரவில் அந்தத் தொடர் அறுந்துவிடும். அது உங்கள் சோம்பலால் அறுந்ததல்ல. மொழி கற்பிக்கும் ஓர் ஆப்பில் நாற்பது நாட்களுக்கு மேல் சேர்த்து வைத்திருந்த எண்ணிக்கை ஒரு காய்ச்சலில் பூஜ்யமானபோது நான் செய்தது, அந்த ஆப்பையே நீக்கியதுதான்.

இனி, பொதுவான ஆப்கள் பலவும் செய்யாததும் உங்களால் முடியக்கூடியதுமான ஒன்றைச் சொல்கிறேன். அவை திங்கள்கிழமை வகுப்பு அடுத்த திங்களும் வரும் என்று நம்புகின்றன. கோவைக் கல்லூரிகள் பலவற்றில் பாடவேளை கிழமைப்படி நடப்பதில்லை, வேலைநாட்களுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண் கொடுத்துச் சுழற்றும் டே ஆர்டர்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு விடுமுறை விழுந்தால் மூன்றாம் டே ஆர்டர் வியாழனுக்குத் தள்ளிப்போகும். அதன்பின் எல்லாமே ஒரு நாள் நகரும். ‘இன்று கல்லூரி இல்லை’ என்று ஒரு முறை தட்டினால் மீதி அனைத்தும் நகர்ந்துகொள்ளும்படி எழுதிவிட்டீர்கள் என்றால், அதற்காகவே பிள்ளைகள் உங்கள் ஆப்பை வைத்துக்கொள்வார்கள்.

நம் எல்லைக்கு இதிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கல்லூரி அங்கே கோவையில் திறந்திருக்கும், ஹர்த்தால் என்ற முழு அடைப்பால் பஸ் இங்கே கேரளத்தில் ஓடாது. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் சொன்ன பிறகும் முந்தைய இரவு அறிவித்த ஹர்த்தால்களை நாம் பார்த்திருக்கிறோம். எனவே ‘கல்லூரி இல்லை’ என்பதும் ‘கல்லூரி உண்டு, நான் போக முடியவில்லை’ என்பதும் இரண்டு தனிப் பொத்தான்களாக இருக்க வேண்டும். முன்னது டே ஆர்டரை நகர்த்தும். பின்னது வருகைக் கணக்கில் ஒரு நாளைக் கழிக்கும். பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்று கொண்டால் 75 விழுக்காடு வருகைக்கு 68 நாட்கள் போயாக வேண்டும், அதாவது 22 நாட்கள்தான் கைவசம். அந்த 22இல் எவ்வளவு மிச்சம் என்பது முதல் திரையிலேயே தெரியட்டும்.

பஸ் நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கில் எழுதாதீர்கள். உட்கார இடம் கிடைத்த நாளில் அது லாபம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில் வெறும் பயணம்.

நினைவூட்டல் நாளுக்கு இரண்டு போதும். அந்த இரண்டும் சரியான நேரத்தில் ஒலிக்க வைப்பதே பெரிய வேலை என்பதை எழுதும்போது உணர்வீர்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் அசையாமல் கிடந்தால் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக ஆப்களின் அலாரங்கள் தள்ளிப்போடப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான அலாரத்துக்கும், 13 முதல் அறிவிப்பு காட்டுவதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். கணினியில் போனைப் போல நடிக்கும் எமுலேட்டரை நம்பாமல், உங்கள் அப்பா வைத்திருக்கும் பழைய போனில் சோதித்துப் பாருங்கள். தமிழ், மலையாளம் இரண்டிலும் செய்யப் போகிறீர்கள் என்றால் பொத்தான்களின் அகலத்தை முதலிலேயே கவனியுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் இரண்டு வரிக்குப் போகும்.

தரவு எதையும் சர்வருக்கு அனுப்பாமல் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதினர் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதிப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது.

பிளே ஸ்டோரில் இப்போது புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், ஆப்பை வெளியிடும் முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு பேருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. காலை பஸ்ஸிலேயே கிடைப்பார்கள். அந்தப் பதினான்கு நாட்களுக்குள் ஓணம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உறவினர் கூட்டம் ஒரு வாரம் தங்கும்; கோவையிலோ வழக்கமாகத் திருவோணத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விட்டு, பிறகு ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கி ஈடுகட்டுவார்கள். அந்தச் சனிக்கிழமை எந்த டே ஆர்டர் என்று உங்கள் ஆப் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.